வயித்தோட்டம்: எத்தினை தரம் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?

முற்றத்து மல்லிகை | வியாழன் இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் யாழ்ப்பாணத்திலை கோண்டாவில் பக்கம். மகனுக்கு 11 மாசம். நேற்று விடியப்புறம் தொடங்கி வயித்தாலை போகுது. நேற்று 5 தரம், இண்டைக்கு இதுவரைக்கும் 8 தரம். தண்ணியாத்தான் போகுது, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், ரத்தம் இல்லை. 3 தரம் சத்தியும் எடுத்தவன். மேல் லேசாச் சுடுது. மாமி சொல்லுறா மேல்பல்லு முளைக்குது, அதாலைதான், ரெண்டு நாளிலை நிண்டிடும் எண்டு. பாமசியிலை ஜீவனி, அதுதான் தண்ணியிலை கரைச்சுக் குடுக்கிற உப்புச்சீனித் தூள், தந்தவை. குடுத்தால் முகத்தைச் சுழிச்சுத் துப்புறான். அங்கை நிண்ட ஒருத்தர், பெரியாக்கள் போடுற நிப்பாட்டுற குளிசையிலை கால்வாசி குடுக்கலாம் எண்டும் சொன்னவர். எனக்குப் பயமாயிருந்தது, வாங்கேல்லை.

எத்தினை தரத்துக்கு மேலை போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்? மழையும் விடேல்லை, இவர் கொழும்பிலை வேலை. நானும் மாமியும்தான் வீட்டிலை.

வடலி | வியாழன் 9.52

பயப்பிடாதேங்கோ தங்கச்சி. எங்கட வீட்டிலை 4 பிள்ளையள், எல்லாருக்கும் பல்லு முளைக்கேக்கை போனது. மாதுளங்கோதை அவிச்சு அந்தத் தண்ணியை ரெண்டு கரண்டி குடுங்கோ, கட்டும். ஒரு நாளைக்குப் பாலை நிப்பாட்டி வயித்துக்கு ஓய்வு குடுக்கவேணும். உள்ளை போறதாலைதானே வெளியிலை வருது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வியாழன் 10.03

பிள்ளை, மற்றதெல்லாம் பேந்து கதைப்பம். மூண்டு கேள்வி. கடைசியா எப்ப சலம் போனவன்? அழேக்கை கண்ணீர் வருதோ? ஜீவனியை என்னண்டு கரைச்சனீங்கள்?

முற்றத்து மல்லிகை | வியாழன் 10.09

அக்கா, சலம் போனதெண்டு கவனிச்சது பின்னேரம் 3 மணியைப் போலை. பேந்து மாத்தின பம்பஸ் எல்லாம் வயித்தாலை போனதுதான், சலம் தனியாத் தெரியேல்லை. கண்ணீர் வரேல்லை, இப்பதான் பாத்தனான். அழுகையும் சத்தமில்லை, முனகுற மாதிரி இருக்கு. ஜீவனி ஒரு பைக்கற்றை அவன்ர பால்போத்திலிலை கரைச்சனான், 240 மில்லிப் போத்தில். 30 மில்லிகூடக் குடிச்சிருக்கமாட்டான்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வியாழன் 10.17

பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கோ, 1 லீற்றர் எண்டு போட்டிருக்கும். அதை 240 மில்லியிலை கரைச்சால் நாலு மடங்கு உப்பு. அந்தப் போத்திலை ஊத்திப்போட்டு, கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றர் அளந்து புதுப் பைக்கற் ஒண்டைக் கரையுங்கோ. தண்ணிப் போத்தில் ஒரு லீற்றருக்கு வரும், அதாலை அளக்கலாம். நாக்கிலை வைச்சுப் பாத்தால் கண்ணீரின்ர உவர்ப்பு இருக்கவேணும், அதுக்குக் கூட இருக்கக்கூடாது.

அவன்ர வயித்திலை, தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவிலை, தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கோ. உடனை படிஞ்சால் நல்லது. மடிப்பு நிண்டு மெல்ல இறங்கினால் நீர் கனக்கக் குறைஞ்சிட்டுது. உச்சி குழிஞ்சிருக்கோ எண்டும் தடவிப் பாருங்கோ.

ஆனால் நீங்கள் சொன்னதே எனக்குக் காணும். 7 மணித்தியாலமாச் சலமில்லை, கண்ணீரில்லை, அழுகையிலை சத்தமில்லை. இண்டைக்கு இரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வாகனம் கிடைக்காட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, காசில்லை. புதுசாக் கரைச்ச ஜீவனியையும் ஒரு தேக்கரண்டியையும் கையிலை கொண்டு போய், போற வழியெல்லாம் ஒவ்வொரு கரண்டியாக் குடுங்கோ. தாய்ப்பாலையும் நிப்பாட்டாதேங்கோ, கேட்டால் கேட்ட நேரமெல்லாம் குடுக்கலாம்.

முற்றத்து மல்லிகை | வியாழன் 10.24

தோல் மெல்லத்தான் இறங்குது. போறம் அக்கா.

வடலி | வியாழன் 10.40

மிட்வைஃப் அக்கா, உந்தப் பிள்ளையை மழைக்குள்ளை இந்த நேரத்திலை கொண்டு திரியச் சொல்லுறது சரியோ? 8 தரம் எண்டிறது ஒரு பெரிய கணக்கில்லையே.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வியாழன் 11.05

தம்பி, நான் 31 வருசம் இந்த வேலை செய்தனான். எத்தினை தரம் வயித்தாலை போனது எண்டு எல்லாத் தாய்மாரும் பிசகாமல் சொல்லுவினம். எத்தினை தரம் சலம் போனது எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. வயித்தோட்டத்திலை பிள்ளையைக் கொல்லுறது நீரும் உப்பும் போறதுதான். 15 தரம் போயும் நல்லாக் குடிச்சு, சலமும் போய், முத்தத்திலை தவழ்ந்து திரியிற பிள்ளையை நான் வீட்டிலை வைச்சுப் பாக்கச் சொல்லியிருக்கிறன். 6 தரம் போன பிள்ளையை மடியிலை வாங்கிக்கொண்டு ஓடியுமிருக்கிறன். அதாலை நான் எண்ணச் சொல்லுறது நனைஞ்ச பம்பஸை. பம்பஸ் கட்டிற பிள்ளையிலை சலமும் வயித்தாலை போறதும் ஒண்டாக் கலந்திடும். ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு அதைக் கழட்டிப்போட்டு, பழைய பருத்திச் சேலையிலை ஒரு துண்டு கட்டிவிட்டால் தெரியும்.

பல்லுக் கதையைப் பற்றி. 6 மாசத்துக்கும் 2 வயசுக்கும் இடையிலை பிள்ளைக்கு எந்த மாசமும் ஒரு பல்லு முளைச்சுக்கொண்டுதான் இருக்கும். தவழுறதும் நிலத்திலை கிடக்கிறதை வாயிலை வைக்கிறதும் அதே வயசிலைதான், தாயிட்டையிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி குறையிறதும் அப்பதான். பல்லு தண்ணி மாதிரி வயித்தாலை போகச் செய்யாது.

பாலை நிப்பாட்டிறது, தண்ணியைக் குறைக்கிறது ரெண்டும் எங்கட ஊரிலை கனபேர் செய்யிற பிழை. நீங்கள் நல்ல மனசோடைதான் சொன்னனீங்கள், எனக்கு விளங்குது. ஆனால் இதை வாசிச்சு இன்னொரு தாய் பாலை நிப்பாட்டக்கூடாது.

பீடத்துப் பெடியன் | வெள்ளி காலை 6.20

இரவு வாட்டிலை நிண்டதாலை இப்பதான் பாத்தன். மருத்துவபீடம், கடைசி வருசம். அக்கா சொன்னதுக்கு மேலை கொஞ்சம் சேர்க்கிறன்.

ஒரு நாளைக்கு 3 தரமோ அதுக்கு மேலையோ இளக்கமாகவோ தண்ணியாகவோ போனால் வயிற்றோட்டம் எண்டு உலக சுகாதார நிறுவனம் வரையறுக்குது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் இளக்கமாப் போறது வழமை, அது இந்தக் கணக்குக்குள்ளை வராது. வழக்கத்தை விட மாறினதோ எண்டுதான் பாக்கவேணும்.

தண்ணியாப் போறது ஒரு வகை. பிள்ளையளிலை கூடுதலா றோட்டா வைரஸ் மாதிரியான வைரசுகள். முதல் சத்தி, பேந்து வயித்தோட்டம், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள்ளை தானா அடங்கும். இதுக்கு அன்ரிபயோட்டிக் குடுத்துப் பிரயோசனம் இல்லை. கஞ்சித் தண்ணி மாதிரி வெள்ளையா, நிக்காமல், லீற்றர் கணக்கிலை போனால் வாந்திபேதி. அது சில மணித்தியாலத்திலை ஆளை விழுத்திப்போடும்.

ரத்தமும் சளியும் கலந்து, வயிறு முறுக்கி, போய் முடிஞ்சும் முக்கல் நிக்காட்டி அது வயித்துளைவு. ஷிகெல்லா எண்ட கிருமியாலை வாறது பொதுவானது. 10 முதல் 100 கிருமி வயித்துக்குள்ளை போனாலே காணும், அதாலைதான் ஒரு வீட்டிலை ஒருத்தருக்கு வந்தால் கையாலை எல்லாருக்கும் பரவுது. வயித்துளைவுக்கு டொக்டர் பாத்து மருந்து எழுதவேணும். நிப்பாட்டிற குளிசை, அதுதான் லோபெரமைட், இதிலை ஆபத்து. சின்னப்பிள்ளையளுக்கு எதிலையும் குடுக்கக்கூடாது. குடல் அசையாமல் நிக்கும், நீர் குடலுக்குள்ளை தேங்கும். வெளியிலை போகாததாலை நிண்டிட்டுது எண்டு நினைப்பம், உள்ளுக்கு பிள்ளை காய்ஞ்சுகொண்டிருக்கும். நல்லகாலம் அந்த அக்கா வாங்கேல்லை.

14 நாளைத் தாண்டினால் அது வேறை கதை, பேந்து எழுதிறன்.

ஜீவனிக் கணக்கு ஒண்டு. சரியாக் கரைச்சால் ஒரு லீற்றரிலை சோடியம் 75 மில்லிமோல். அதே பைக்கற்றை 240 மில்லியிலை கரைச்சால் 300ஐத் தாண்டும். எங்கட ரத்தத்திலை 140 அளவிலைதான் இருக்கு. கிட்டத்தட்டக் கீரிமலைக் கடல் தண்ணியின்ர உப்பிலை மூண்டிலை ரெண்டு பங்கு. அதைப் போத்தில் போத்திலாக் குடிச்சிருந்தால் மூளை பாதிச்சு வலிப்பு வந்திருக்கலாம். பிள்ளை துப்பினது அவன்ர நல்லகாலம்.

கைதடி அக்கா | வெள்ளி 8.15

இதை வாசிச்சுக் கை நடுங்குது. நானும் ஒரு டம்ளருக்கு அரைப் பைக்கற் எண்டுதான் இவ்வளவு நாளும் கரைக்கிறனான். மிச்சத்தை மடிச்சு டப்பாவுக்குள்ளை வைப்பன். இனி ஒரு லீற்றர்தான். கரைச்சதை எவ்வளவு நேரம் வைக்கலாம்? ஜீவனி இல்லாட்டி வீட்டிலை என்ன செய்யிறது?

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வெள்ளி 8.40

மூடி வைச்சு 24 மணித்தியாலம். அதுக்குப் பிறகு மிச்சத்தை ஊத்திப்போட்டுப் புதுசாக் கரையுங்கோ. திரும்பச் சூடாக்கிறேல்லை, சீனி தேசிக்காய் ஒண்டும் சேக்கிறேல்லை. ஒவ்வொருக்காலும் வயித்தாலை போனபிறகு 2 வயசுக்குக் கீழை 50 முதல் 100 மில்லி, 10 வயசு வரைக்கும் 100 முதல் 200 மில்லி, பெரியாக்கள் ஏலுமானமட்டும்.

ஜீவனி கிடைக்காட்டி ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்குத் தேக்கரண்டியாலை மட்டமா 6 கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. குவிச்சு அள்ளாதேங்கோ, கத்தியாலை வழிச்சு மட்டமா எடுங்கோ. செவ்விளநீர் நல்லது, ஆனால் அதிலை சோடியம் குறைவு, அதை மட்டும் நம்பேலாது. சோடாவும் பெட்டியிலை வாற ஜூசும் வேண்டாம், அதிலை இருக்கிற சீனி குடலுக்குள்ளை இன்னும் தண்ணியை இழுக்கும்.

95ஆம் ஆண்டு ஒக்டோபரிலை யுத்தத்தாலை வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்குப் போனதை மறந்திருக்கமாட்டியள். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை வகுப்பறைக்கு 10 குடும்பம். மழை. மலகூடம் நாலு. மூண்டாம் நாளே பிள்ளையளுக்கு வயித்தாலை போகத் தொடங்கிட்டுது. ஜீவனி முடிஞ்சுது, சீனி யானைவிலை. நாங்கள் அரிசியைக் குழைய விட்டுக் கஞ்சியாக் கரைச்சு, அளவா உப்புப் போட்டு, சிரட்டைக் கரண்டியாலை பருக்கினம். அரிசிமாவும் குடலிலை சீனியா உடையும், உப்பையும் தண்ணியையும் உள்ளை இழுக்கும். அந்த வகுப்பறையிலை ஒரு பிள்ளையையும் நாங்கள் இழக்கேல்லை. பக்கத்துக் கட்டிடத்திலை ரெண்டு பிள்ளை போட்டுதுகள். அந்தத் தாய்மார் பாலையும் தண்ணியையும் நிப்பாட்டி வைச்சிருந்தது பேந்துதான் எங்களுக்குத் தெரியும். வடலித் தம்பி, நேற்று நான் கொஞ்சம் கடுமையா எழுதினது அதாலைதான்.

செம்பாட்டான் | வெள்ளி 10.30

நான் விஞ்ஞானம் படிப்பிச்சு ஓய்வெடுத்தவன். அக்காவின்ர அகதிமுகாம் கதையை வாசிக்கேக்கை இன்னொரு முகாம் ஞாபகம் வருது. 1971இலை வங்காளதேச யுத்தத்திலை எழும்பின சனம் இந்திய எல்லையிலை பொன்காவ் முகாமிலை நிரம்பி, வாந்திபேதி பரவினது. சேலைன் முடிஞ்சு போக, டிலிப் மகலனாபிஸ் எண்ட டொக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணியைப் பெரிய பீப்பாயிலை நிரப்பிக் குழாய் பூட்டி வைச்சு, நோயாளியின்ர சொந்தக்காரரையே பருக்கச் சொன்னவர். 100க்கு 30 அளவிலை இருந்த சாவு 4க்குக் கீழை வந்தது. சின்னக்குடலின்ர சுவரிலை சீனியும் உப்பும் சோடியாச் சேந்துதான் உள்ளை போகும், அதுக்குப் பின்னாலை தண்ணி போகும். வயித்தோட்டம் கடுமையா இருந்தாலும் பெரும்பாலும் அந்த வாசல் பூட்டுறேல்லை. சீனி கூடினாலும் பிழை, உப்புக் கூடினாலும் பிழை எண்டு அக்கா அளவிலை நிக்கிறது அதாலைதான். 2022இலை காலமாகும்வரைக்கும் அந்த மனிசனை எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்திலை நான் கண்டதில்லை, எனக்கு அது பெரிய மனவருத்தம்.

முற்றத்து மல்லிகை | வெள்ளி பின்னேரம் 4.10

எல்லாருக்கும் நன்றி. வாட்டிலையிருந்து எழுதிறன். இரவு 11 மணிக்கு வந்து சேந்தம். டொக்டர் வயித்துத் தோலைக் கிள்ளிப் பாத்து, நிறுத்து, பிள்ளை 9 கிலோ எண்டு எழுதிப்போட்டு, 4 மணித்தியாலத்திலை 675 மில்லி ஜீவனி எண்டவர். கிலோவுக்கு 75 மில்லிக் கணக்காம். நான் சேலைன் ஏத்தமாட்டியளோ எண்டு கேட்டன். வாயாலை குடிக்கக்கூடிய பிள்ளைக்கு இதுதான் நல்லது, மயங்கினாலோ குடிக்கேலாட்டியோதான் ஊசி எண்டு சொன்னவர்.

கோப்பையும் தேக்கரண்டியும் தந்தவை. 2 நிமிசத்துக்கு ஒரு கரண்டி. நானும் மாமியும் மாறி மாறிச் சுவர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு குடுத்தம். ஒருக்கால் எல்லாத்தையும் சத்தி எடுத்துப்போட்டான். நேர்ஸ் அக்கா வந்து, 10 நிமிசம் விட்டுத் திரும்பத் தொடங்குங்கோ, இன்னும் மெல்ல எண்டு சொன்னவ. 2 மணியைப் போலை கரண்டியைக் கையாலை பிடிச்சு இழுக்கத் தொடங்கினான். 3 மணிக்கு என்ர மடியிலை சலம் போனான், சட்டையெல்லாம் நனைஞ்சுது. மாமி அழுதிட்டா. பல்லு எண்டு நினைச்சு வீட்டிலை வைச்சிருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு திரும்பத் திரும்பச் சொல்லுறா.

ஸிங்க் குளிசையும் தந்தவை, கரைச்சு ஒரு நாளைக்கு ஒண்டு. ஏனெண்டு கேக்க மறந்திட்டன். இன்னொரு கேள்வி. நாங்கள் கொதிச்சாறின தண்ணியிலைதான் பால்மாக் கரைக்கிறனாங்கள். இவனுக்கு எங்காலை வந்தது?

பீடத்துப் பெடியன் | வெள்ளி 7.30

நல்ல செய்தி அக்கா. ஸிங்க் குடலின்ர உள்தோலைக் கெதியா ஆத்தும், அடுத்த ரெண்டு மூண்டு மாசத்திலை திரும்ப வாறதையும் குறைக்கும். 6 மாசத்துக்கு மேலை 20 மில்லிகிராம், கீழை 10, மொத்தம் 10 முதல் 14 நாள். வயித்தோட்டம் நிண்டிட்டுது எண்டு இடையிலை விட்டிடாதேங்கோ.

சாப்பாடும் குடுங்கோ, குழைச்ச சோறும் பருப்பும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும், மசிச்ச வாழைப்பழமும். ஒரு கிழமைக்குப் பிறகும் நாளுக்கு ஒரு நேரம் கூடக் குடுத்தால் குறைஞ்ச நிறை ஏறும்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வெள்ளி 7.50

எங்காலை வந்தது எண்டு கேட்டியள். பால்போத்திலையும் சூப்பியையும் எந்தத் தண்ணியிலை கழுவுறனீங்கள்? அவிச்செடுத்தபிறகு என்ன செய்யிறனீங்கள்?

முற்றத்து மல்லிகை | வெள்ளி 8.05

அவிக்கிறனாங்கள் அக்கா, ஒவ்வொரு நாளும் காலமை. சுடும் எண்டு மாமி எடுத்துக் கிணத்தடி வாளித் தண்ணியிலை ஒருக்கால் அலசி ஆறவைப்பா. ஐயோ. இப்ப எழுதேக்கைதான் விளங்குது.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | வெள்ளி 8.12

அதுதான். மாமியிலை கோவிக்காதேங்கோ, நான் பாத்த வீடுகளிலை பாதி இப்பிடித்தான். அவிச்ச சட்டியிலையே ஆறவிட்டு எடுக்கவேணும். இன்னும் நல்லது, சூப்பியை விட்டுப்போட்டுக் கோப்பையாலை பருக்கிறது. 11 மாசப் பிள்ளை வடிவாக் குடிக்கும். கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம், சூப்பியின்ர ஓட்டைக்குள்ளை கை போகாது.

வடலி | சனி காலை 7.00

பிள்ளை தேறினது பெரிய ஆறுதல். பாலை நிப்பாட்டச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் தங்கச்சி.

ஆனால் கிணத்துத் தண்ணியிலை பழியைப் போடுறதை என்னாலை ஏற்கேலாது. எங்கட அப்பா, பேரன் எல்லாம் துலாக்கிணத்திலை அள்ளிப் பச்சைத்தண்ணி குடிச்சு 80, 90 வயசு வரைக்கும் இருந்தவை. கோண்டாவில் தண்ணி எண்டால் தேன்.

செம்பாட்டான் | சனி 9.15

வடலி, தண்ணி நல்ல தண்ணிதான், அது உண்மை. ஆனால் அதுக்கு மேலை இருக்கிறது மாறிப்போச்சு.

யாழ்ப்பாணத்திலை வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது, வழுக்கையாறுகூட மாரியிலைதான் ஓடும். எங்கட கிணத்துத் தண்ணி எல்லாம் மழை இறங்கிச் சுண்ணக்கல்லுக்குள்ளை தேங்கின தண்ணி. சுண்ணக்கல்லிலை வெடிப்பும் பொந்தும் கூட. மணல்நிலத்திலை தண்ணி மெல்ல வடிஞ்சு கிருமி வழியிலை சாகும். எங்கட கல்லுக்குள்ளை அது குழாய்க்குள்ளை போற மாதிரிப் போகும். பேரன்ர காலத்திலை கிணத்தடியைச் சுத்தி வாழையும் கமுகும் நிண்டது, சனம் வெளிக்குப் போனது பனங்கூடலுக்கு. இப்ப வீட்டுக்கு ரெண்டு மலகூடம். அடியிலை சீமெந்து போடாத குழி. கிணத்துக்கும் மலக்குழிக்கும் 30 மீற்றர் இடைவெளி வேணும் எண்டு சொல்லுறவை. ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். 2 பரப்புக் காணி சதுரமா இருந்தாலும் ஒரு பக்கம் 22 மீற்றர்தான். 30 மீற்றரை எங்கை தேடுறது? உங்கட காணியிலை தள்ளி வைச்சாலும் பக்கத்துக் காணிக்காரன்ர குழி உங்கட கிணத்துக்குக் கிட்ட வந்திடும்.

கோடையிலை குழியின்ர அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலை ஒரு இடைவெளி இருக்கும். கார்த்திகை மழைக்கு நீர்மட்டம் எழும்பிக் குழிக்குள்ளையே வந்திடும். மழைக்குப் பிறகு வயித்தோட்டம் கூடுறதுக்கு அது ஒரு காரணம், வெள்ளம் கிணத்துக் கட்டுக்கு மேலாலை ஏறவேணும் எண்டில்லை.

பேரன் 90 வயசு வரைக்கும் இருந்தவர். அவரோடை பிறந்த எத்தினை பேர் 5 வயசைத் தாண்டேல்லை எண்டு வீட்டிலை கேட்டுப் பாருங்கோ.

வடலி | சனி 11.40

அம்மாவிட்டைக் கேட்டன். பேரனோடை பிறந்தவை 9 பேராம். 4 பேர் சின்னனிலை தவறினவை, ரெண்டு பேர் பேதியிலை. எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

ரொறன்ரோ ராசன் | சனி 6.30

இடையிலை வாறதுக்கு மன்னிக்கவேணும். அம்மா அளவெட்டியிலை தனிய இருக்கிறா, 71 வயசு. ஒரு மாசமா வயித்தாலை போறதும் நிக்கிறதுமா இருக்கு எண்டு போனிலை சொல்லுறா. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவ. மெலிஞ்சும் போனா எண்டு அக்கா சொல்லுறா. அம்மாவும் ஜீவனி குடிச்சால் காணுமோ?

பீடத்துப் பெடியன் | சனி 9.00

அண்ணை, இதைத்தான் 14 நாளைத் தாண்டினது வேறை கதை எண்டு சொன்னனான். ஜீவனி நீரைத்தான் காக்கும், காரணத்தைச் சொல்லாது.

சீனிக் குளிசை மெற்ஃபோமின் வயித்தோட்டம் குடுக்கும், தொடங்கினாப்போலை அல்லது அளவைக் கூட்டினாப்போலை. அதைத் தானா நிப்பாட்டாமல் கிளினிக்கிலை சொல்லவேணும். அண்மையிலை வேறை வருத்தத்துக்கு அன்ரிபயோட்டிக் போட்டவவோ எண்டும் கேளுங்கோ, அதுவும் செய்யும். தைரொயிட் கூடினாலும் போகும். வயசானவைக்கு மலம் இறுகி அடைச்சு, அதைச் சுத்தித் தண்ணி மட்டும் கசியிறதும் உண்டு. பாத்தால் வயித்தோட்டம் மாதிரி, உள்ளுக்கு மலச்சிக்கல்.

ஆனால் 50 வயசைத் தாண்டினவைக்கு மலம் போற வழக்கம் மாறி, நிறையும் குறைஞ்சால், ரத்தம் தெரியுதோ இல்லையோ, பெருங்குடல் புற்றுநோய் இல்லையெண்டு பாத்துத்தான் மற்றதைக் கதைக்கவேணும். இந்தக் கிழமையே அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. போனிலை கதைச்சுத் தீர்க்கிற விசயமில்லை இது.

தீவகத்தான் | ஞாயிறு 7.45

மீன் சாப்பிட்டு வாறதையும் எழுதுங்கோ. போன மாசம் சூரை வாங்கிக் குழம்பு வைச்சுச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்திலை மூண்டு பேருக்கு முகம் சிவந்து, தலையிடிச்சு, நெஞ்சு படபடத்து வயித்தாலை போனது. நல்லாக் கொதிக்கவைச்ச குழம்பு.

பீடத்துப் பெடியன் | ஞாயிறு 10.10

அது கிருமி உடம்பிலை பெருகினதாலை இல்லை அண்ணை. சூரை மாதிரி மீனை ஐஸ் இல்லாமல் வெயிலுக்கை வைச்சால் ஹிஸ்டமின் எண்ட பதார்த்தம் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைச்சாலும் அழியாது. பெரும்பாலும் சில மணித்தியாலத்திலை அடங்கும், மூச்சு இழுத்தால் உடனை ஆஸ்பத்திரி.

சாப்பிட்டு எவ்வளவு நேரத்திலை தொடங்கினது எண்டிறது நல்ல துப்பு. 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள்ளை கடுஞ் சத்தியோடை வந்தால், சாப்பாட்டிலை ஏற்கெனவே ஊறின நஞ்சு. மத்தியானம் வடிச்சு வெளியிலை வைச்ச சோறு இரவு ஃப்றைட் றைஸ் ஆகிற இடங்களிலை இது வரும். 6 மணித்தியாலம் முதல் 3 நாள் வரைக்கும் எடுத்துக் காய்ச்சலோடை வந்தால் சல்மொனெல்லா மாதிரிக் கிருமி, முட்டை, கோழி.

மழைக்காலத்திலை ஒண்டை மறக்காதேங்கோ. காய்ச்சல் முன்னுக்கு நிண்டு வயித்தோட்டமும் சத்தியும் பின்னாலை வந்தால் டெங்குவையும் யோசிக்கவேணும். வயல், வெள்ளத்துக்கை இறங்கினவை எண்டால் எலிக்காய்ச்சல். நாளுக்கு நாள் ஏறுற காய்ச்சல் எண்டால் நெருப்புக்காய்ச்சல், அதிலை வயித்தோட்டமும் வரலாம், மலச்சிக்கலும் வரலாம். ரத்தம் சோதிச்சுத்தான் சொல்லலாம். பரசிற்றமோல் தவிர வேறை நோக்குளிசை போடவேண்டாம்.

முற்றத்து மல்லிகை | செவ்வாய் 8.20

வீட்டை வந்திட்டம். நேற்றுப் பி.எச்.ஐ. ஐயா, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பாத்தவர். எங்கட மலக்குழி கிணத்துக்கு 14 மீற்றர். ஆனால் வேலிக்கு அங்காலை சித்தப்பா வீட்டுப் புதுக்குழி 7 மீற்றர்தான். நாடா பிடிச்சு அளந்து காட்டினவர். சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு. அவரும் அதே ஊற்றுத் தண்ணியைத்தான் குடிக்கிறார், வேணுமெண்டு செய்தவரில்லை. அடியும் பக்கமும் சீமெந்து பூசின தொட்டியா மாத்திறதுக்கு மேசனோடை கதைக்கிறார், பாதிச் செலவு நாங்கள் எண்டு இவர் போனிலை சொல்லிப்போட்டார்.

தண்ணி மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கினம். 100 மில்லியிலை ஈ.கோலை ஒண்டும் இருக்கக்கூடாதாம். கிணத்துக்குக் குளோரின் போடவேணும். செம்பாட்டான் ஐயா, விளக்கமாச் சொல்லுங்கோ.

செம்பாட்டான் | செவ்வாய் 11.00

அளவைப் பி.எச்.ஐ. சொல்லுறபடி போடுங்கோ பிள்ளை, அதிலை ஊகம் வேண்டாம். கிணத்திலை எவ்வளவு தண்ணி எண்டு நீங்கள் அவருக்குச் சொல்லலாம். விட்டம் 2.5 மீற்றர், தண்ணி ஆழம் 4 மீற்றர் எண்டால் கிட்டத்தட்ட 19,600 லீற்றர். கயித்திலை கல்லுக் கட்டி விட்டு ஆழத்தை அளவுங்கோ.

குளோரின் தூளை அப்பிடியே கொட்டக்கூடாது. வாளியிலை கரைச்சு, சுண்ணாம்பு அடியிலை படியவிட்டு, மேலை தெளிஞ்சதை மட்டும் ஊத்தவேணும். வாளியாலை அள்ளி அள்ளித் திரும்ப ஊத்திக் கலக்கிப்போட்டு, இரவு முழுக்க ஒருத்தரும் தண்ணி அள்ளாமல் விடுங்கோ. காலமை மணம் குறையும்வரை இறைச்சு ஊத்தலாம். ஆனால் குளோரின் ஒருநாள் வைத்தியம்தான். குழி மாறும்வரைக்கும் குமிழி விட்டு ஒரு நிமிசம் கொதிக்கவைச்சதைத்தான் குடிக்கவேணும், பல்லுத் தீட்டவும் அதுதான், போத்தில் கழுவவும் அதுதான்.

இன்னொண்டு, தோட்டக்காணிக்குக் கிட்ட இருக்கிறியளோ? வலிகாமத்திலை உரத்தாலை நைத்திரேற் கூடின கிணறுகள் இருக்கு. அது வயித்தோட்டத்துக்குக் காரணமில்லை, ஆனால் கைக்குழந்தைக்குக் கூடாது. கொதிக்கவைச்சால் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் செறியும். மாதிரி போகேக்கை அதையும் பாக்கச் சொல்லுங்கோ, லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழை இருக்கவேணும்.

கைதடி அக்கா | செவ்வாய் 1.30

நானும் கயித்தோடை அளந்து பாத்தன், எங்கட மலக்குழி கிணத்துக்கு 11 மீற்றர். பக்கத்து வீட்டாரோடை இண்டைக்குக் கதைக்கப் போறன்.

ரொறன்ரோ ராசன் | புதன் 5.10

அம்மாவை நேற்றுக் காட்டினவை. ரத்தம் எடுத்திருக்கு, குடலுக்குள்ளை கமெரா விட்டுப் பாக்கத் திகதி குடுத்திருக்கினம். தம்பிக்கு நன்றி. முடிவு வரச் சொல்லுறன்.

முற்றத்து மல்லிகை | புதன் 8.45

இண்டைக்கு 2 தரம்தான் போனவன், கட்டியாப் போகத் தொடங்கிட்டுது. பம்பஸ் கட்டேல்லை, மாமி பழைய சேலை கிழிச்சுக் கட்டினவ. காலமையிலையிருந்து 6 துண்டு நனைஞ்சிட்டுது, மாமி சுவரிலை கரிக்கட்டியாலை கோடு போட்டுக்கொண்டிருக்கிறா. கோப்பையாலை குடிக்கிறான், பாதி நெஞ்சிலை ஊத்துறான்.

ஸிங்க் 5 குளிசை மிச்சம் இருக்கு.

ஓய்வுபெற்ற மிட்வைஃப் | புதன் 9.00

அஞ்சையும் குடுத்து முடியுங்கோ பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இல்லை, திங்கள் கொண்டு போய் நிறுத்துக் கொண்டு வாங்கோ.